சட்டைப் பைக் கேமராவும் கீழ்வீட்டு ஈரமும்

பத்திரிகை ஆசிரியரும், அதற்கு முன்பே என் மனைவியின் தம்பியுமாகிய அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும், உன் மனைவியும், பிள்ளைகளும், உன் பத்திரிகையும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரிப்பது போனைத் தாண்டி அடுத்த அறை வரை கேட்கும். உடனே உன் அக்கா, "என் தம்பிகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க" என்று வந்து நிற்பாள். ஆகவே கடிதம்.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. இந்த விஷயத்தில் பத்திரமாக நடந்தது அது ஒன்றுதான். உன் பத்திரிகைக்கு வழக்கமாகக் கேமராக்களை மதிப்பிட்டு எழுதுகிறவர் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகவும், அதனால் நான் எழுத வேண்டும் என்றும் நீ போனில் கேட்டது நினைவிருக்கும். "அத்தான், நீங்க சர்வீஸ் பூரா கடைகடையா ஏறி எடைக்கல்லையும் தராசையும் சோதிச்ச ஆளு. உங்களை ஏமாத்த முடியாது. போட்டோ எடுக்கிறதுல ஆசை இருக்கிற சாதாரண மனுஷன் கையில இது எப்படி வேலை செய்யுதுன்னு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்க" என்றாய். நான் அதில் மயங்கிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எதையும் சோதித்துச் சொல்லும்படி யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று உன் அக்கா கேட்பதோடு சரி, அதிலும் என் தீர்ப்பை அவள் ஏற்பதில்லை.

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே "சட்டைப் பையில் அடங்கும்" என்று போட்டிருந்தது. சோதிக்கிறவன் முதல் பக்கத்திலிருந்துதானே தொடங்க வேண்டும், ஆகவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். உன் அக்கா முன்னறையில் தையல் மெஷினில் யாருடைய பேண்ட்டையோ பிரித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, ஒரு தோள் இறங்கியிருக்கு, நெஞ்சு வலிக்குதா" என்றாள். "கேமரா" என்றேன். "அதுவா" என்று குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது பை ஒரு பக்கமாகப் பிய்ந்து, கேமரா என் வயிற்றின் மேல் விழுந்தது. வயிறு இருந்ததால் பிழைத்தது. உன் அக்கா சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தையல் மேல தப்பில்ல. இது பேனா வைக்கிற பை. நீங்க செங்கல்லை வச்சிருக்கீங்க" என்று சொல்லி, உள்ளே ஜீன்ஸ் துணியை வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தச் சட்டையைப் போட்டால் இடது பக்கம் மட்டும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக இருக்கிறது. உன் வாசகர்களுக்கு எழுதிக்கொள்: பையில் அடங்கும், பை தாங்காது.

அடுத்து மெனு. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஏழெட்டுக் கதவு, அதில் ஒன்றைத் திறந்தால் இன்னொரு தாழ்வாரம். உன் போன்ற ஆர்வலர்களுக்கு இது சொர்க்கமாக இருக்கலாம். நான் வெளிச்சத்தைக் கூட்டப் போய், எங்கேயோ விரல் பட்டு, கேமராவின் மொழி மாறிவிட்டது. எந்த நாட்டு மொழி என்று தெரியவில்லை, எழுத்தெல்லாம் சின்னச் சின்னக் குடிசை மாதிரி இருந்தது. திரும்ப மாற்ற வேண்டுமானால் "மொழி" என்ற சொல்லைத் தேட வேண்டும், அந்தச் சொல்லும் குடிசையாகத்தானே இருக்கும். இரண்டு நாள் அந்த மொழியிலேயே படம் எடுத்தேன். அவ்வப்போது கேமரா ஏதோ கேள்வி கேட்கும், நான் மரியாதைக்கு "சரி" பொத்தானை அழுத்துவேன். எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேனோ தெரியாது. அப்படி ஒரு சம்மதத்தில்தான் சத்தமில்லாமல் படம் எடுக்கும் வசதி திறந்துகொண்டிருக்க வேண்டும். படம் விழுந்ததா என்று தெரியாமல் நானும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் உள்ளே என் மூக்குத் துவாரம் மட்டும் ஒரு திருமண ஆல்பம் அளவுக்கு இருந்தது. தெளிவைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு முடி இருப்பது எனக்கே புதிய செய்தி.

மொழி எப்படியோ தானாகத் திரும்பி வந்தது. அடுத்ததாக முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதியைச் சோதித்தேன். மனித முகம் எதிரில் வந்தால் கேமரா அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, அங்கே கவனத்தைக் குவித்துத் தெளிவாக எடுக்குமாம். உன் அக்காவை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பாவம், தலையைச் சரிசெய்துகொண்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவையும் எடுத்துவிட்டு, ஆசையாகத்தான் நின்றாள். மஞ்சள் கட்டம் வந்தது, அறையை ஒரு சுற்றுச் சுற்றியது, உன் அக்காவின் தோளைத் தாண்டிப் போய் சுவரில் இருந்த மூன்று துளை பிளக் பாயிண்ட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு கண், ஒரு வாய் என்று நினைத்துவிட்டது போல. அவளை இடது பக்கம் நகரச் சொன்னேன், வலது பக்கம் நகரச் சொன்னேன், கட்டம் அசையவில்லை. படத்தில் உன் அக்கா புகைமூட்டமாகவும், பிளக் பாயிண்ட் அதன் திருகாணியில் இருந்த துரு உட்படப் பளிச்சென்றும் விழுந்தது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை சொல்லல. மெஷினாவது வாயைத் திறந்து சொல்லிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். இதை நீ உன் பத்திரிகையில் எந்தத் தலைப்பில் போடுவாய் என்று தெரியவில்லை.

அடுத்தது ஜூம். இங்கேதான் கீழ்வீட்டுக்காரர் வருகிறார். நாங்கள் மூன்றாவது மாடி, அவர் எங்களுக்கு நேர் கீழே இரண்டாவது மாடி. கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலமெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினாலே அவர் வலது கால் தரையை அமுக்கும். போன வருஷம் அவருடைய குளியலறைக் கூரையில் ஓர் ஈரத்திட்டு வந்தது. நம் குழாய் ஒழுகுவதுதான் காரணம் என்றார். நான் நம் குளியலறைத் தரையில் படுத்து, மூலைமூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். அவர் ஆதாரமாக போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். அதில் ஈரமும் தெரியவில்லை, கூரையும் தெரியவில்லை, அவருடைய கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. "இது விரல்" என்று பதில் போட்டேன். அதோடு பேச்சு நின்றது. வீட்டுக்குள் அவருக்கு ஈரக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு ஆண்கள் பேசாமல் இருப்பதால் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அவர் மனைவியும் உன் அக்காவும் தினமும் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். அதுவும் நின்றது. நின்றது என்றால் நடை நிற்கவில்லை, அதே நேரத்துக்கு, அதே தெருவில், ஆளுக்கு ஓர் ஓரமாக, ஒரே வேகத்தில் நடந்தார்கள். முன்பெல்லாம் நடந்துவிட்டு வந்ததும் உன் அக்கா அந்தம்மா சொன்ன கதையை எனக்குச் சொல்வாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து "ம்" போடுவேன். இந்த ஒரு வருஷமாக அவள் வந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறாள். செய்தித்தாளை முழுசாகப் படிக்க முடிகிறது, ஆனால் படிக்கப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லிவைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பால்கனியில் நின்று தெருக்கோடியை ஜூம் போட்டு இழுத்துப் பார்த்தேன். அபாரம், மச்சான். முனையில் இருக்கிற சலவைக் கடையின் பலகையில் உரிந்த பெயின்ட் வரை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் ஊர்ந்து வந்தது, கூரையில் "பழகுகிறார்" என்ற பலகை. ஸ்டியரிங்கைக் குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டிருந்த ஒரு நடுவயது அம்மாள், பக்கத்தில் ஈரக்காரர். படத்துக்கு நல்ல காட்சியாயிற்றே என்று நான் பின்தொடர்ந்தேன். அந்த அம்மாள் தற்செயலாக நிமிர்ந்து என் லென்ஸைப் பார்த்தார். வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கும் கேமரா என்று நினைத்திருக்கிறார். நடந்து போகிறவர்கள் அவர் காரை முந்திக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் பயம் பயம்தானே. அவர் பிரேக்கை மிதிக்க, ஈரக்காரரும் மிதிக்க, கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் தண்ணீர் கேன் ஏற்றி வந்த தள்ளுவண்டி அதன் மேல் போய் முட்டியது. கேன்களெல்லாம் தெருவில் உருண்டன. ஈரக்காரர் இறங்கினார், கேன்களைப் பார்த்தார், பிறகு மெதுவாக மேலே பார்த்தார். நான் கையை அசைத்தேன். மரியாதைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஈரக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "மூன்றாவது மாடியில் வயதான ஒருவர் தெருவில் போகும் பெண்களைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அனைவரும் கவனிக்கவும்." இதை நான் பார்ப்பதற்கு முன்பே, இடுப்பளவு கொடுக்க வந்திருந்த ஒரு பெண்மணி உன் அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டார். வாசித்துவிட்டு, "இங்க மூணாவது மாடியில வேற யாராவது வயசானவங்க இருக்காங்களா" என்று கேட்டாராம். அவர் போனதும் உன் அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கேமராவை நாளைக்கே என் தம்பிக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

"சோதனை இன்னும் முடியலையே" என்றேன்.

"இல்லைன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். ரெண்டுல எதை அனுப்பணும்னு நீங்களே பாத்துக்குங்க."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதே தவறாகப் போய்விட்டது. உடனே "கேமராவை" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். ராத்திரி வரை மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, தைக்க ஒன்றுமில்லாதபோதும்.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பெயரைக் கெடுத்தது இந்தக் கேமரா. அதே கேமராவை வைத்து, நம் குழாய் ஒழுகவில்லை என்று நிரூபித்துவிட்டால், ஈரக்காரர் வாயடைத்துப் போவார், குழுவில் என் மானம் திரும்பும், உனக்கும் குறைந்த வெளிச்சச் சோதனை முடிந்துவிடும். எங்கள் கட்டிடத்தின் நடுவே எல்லா வீட்டுக் குழாய்களும் மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு சந்து உண்டு. என் உடம்பு நுழையாது, வெயில் எட்டாது. குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டி, திரையை மட்டும் என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். அப்படிச் சாய்க்கிற வசதி உண்மையிலேயே நல்ல வசதி, எழுதிக்கொள். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றேன். வாளிக்கு என் எடை பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டது. நம் குழாய் வளைகிற இடத்தை ஜூம் போட்டு இழுத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினேன்.

மச்சான், அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டும். நம் குழாயின் வளைவில் ஒரு சொட்டுத் தண்ணீர், விழப்போகிற நொடியில் அப்படியே நின்றிருந்தது. முத்து என்றால் முத்து. சுற்றிலும் இருட்டு, அதில் அந்த ஒரு சொட்டு மட்டும் உயிரோடு இருப்பது போல. பெரிதாக்கிப் பார்த்தால் சொட்டின் மேல் நம் குளியலறை ஜன்னல் கடுகளவு தெரிந்தது, அந்த ஜன்னலில் நாக்கைக் கடித்துக்கொண்டு என் தலையும் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நல்ல படம். வாளியிலிருந்து இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்த பிறகுதான், இந்தப் படம் எதை நிரூபிக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொத்தான் மேல் விரலையும் வைத்தேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. இவ்வளவு அழகான சொட்டை யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா. உனக்கு மட்டும் அனுப்பிவிட்டு அழித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். படத்தை போனுக்கு மாற்றி, கீழே "நம்ம வீட்டுக் குழாய்தான். சொட்டைப் பார், என்ன தெளிவு" என்று எழுதி, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, தோராயமாக உன் பெயர் இருக்கும் இடத்தில் அழுத்தினேன். உன் பெயர் அங்கே இல்லை. எங்கள் குடியிருப்புக் குழு இருந்தது.

முதலில் மேல்மாடியிலிருந்து ஒருவர் கைதட்டும் படம் போட்டார். பிறகு வரிசையாகக் கைதட்டல். "அருமை சார்", "எந்த அருவி சார்" என்றெல்லாம் வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. நான் உன் அக்காவிடம் போய், "கொஞ்ச நாளைக்கு உன் தம்பி வீட்டுக்கு ரெண்டு பேருமே போயிட்டு வரலாமா" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

ஈரக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. என்னென்ன சொல்லித் திட்டுவார் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து, அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"இது நீங்க எடுத்ததா" என்றார்.

"ஆமா."

"ஸ்டாண்ட் வச்சா?"

"கையிலதான். வாளி மேல நின்னு."

"அந்த இருட்டுலயா."

"கை நடுங்கினாலும் படம் நடுங்காத மாதிரி அதுல ஒரு வசதி இருக்கு" என்றேன்.

அவர் கால் தரையை மெல்ல அமுக்கியது. "ஒரு வருஷமா எங்க வீட்ல என் கட்டைவிரலைச் சொல்லியே சிரிக்கிறாங்க" என்றார். "பேரப்பிள்ளை வரைக்கும். என்கிட்ட இது இருந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கொஞ்சம் கையில வாங்கிப் பாக்கலாமா?"

கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழாய் எங்களுதுதான்" என்றேன். "மாத்திடுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். "மாத்திடறேன்" என்றேன். ஒரு வருஷச் சண்டை அவ்வளவுதான்.

அவர் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உன் அக்கா மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், விரலில் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு. யார் முதலில் பேசுவது என்பது பெரிய விஷயமாக அந்த அறையில் நின்றது. கடைசியில் உன் அக்காதான், "உள்ள வாங்க. உங்க நாத்தனார் கடைசியில அந்த வீட்டை வித்தாங்களா இல்லையா" என்றாள். "அதை ஏன் கேக்கறீங்க, அது பெரிய கதை" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா செருப்பைக் கழற்றினார். போன வருஷம் எந்த வாக்கியத்தில் விட்டார்களோ அதே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டார்கள். நாத்தனார் வீட்டை விற்கவில்லையாம். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இனி என் தீர்ப்பு. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இந்தக் கேமராவை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மனைவியை விட்டுப் பிளக் பாயிண்ட்டைப் பார்க்கிறது, தெருவில் போகிறவர்களைப் பயமுறுத்துகிறது, சட்டையைக் கிழிக்கிறது. இதெல்லாம் கூடப் போகட்டும். இதன் பெரிய குறை, இதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒழுகலைக்கூட ஊரறியக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கீழே ஒரு வீடும் மேலே ஒரு வீடும் இருக்கிற எந்தக் குடும்பஸ்தனுக்கும் இவ்வளவு தெளிவு ஆகாது. தராசாக இருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன், கேமராவாக இருப்பதால் திருப்பி அனுப்புகிறேன். கடிதம் கிடைத்ததும் ஆளை விட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல். இனிமேல் சோதிக்க ஏதாவது கொடுப்பதானால் டார்ச் லைட் மாதிரி வாயில்லாத பொருளாகக் கொடு.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, உன் தொழிலுக்கு வராமல் வேறு நல்ல தொழிலுக்குப் போக வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் பத்திரிகையும் நீண்ட காலம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க குழாய் காஞ்சு கிடக்குது" என்றார். சொட்டுவது அதற்குப் பின்னால் போகிற இன்னொரு குழாயாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தன் ஹீட்டருக்கென்று ஈரக்காரர் தனியாகப் போட்டுக்கொண்ட குழாய். நான் போனில் இருந்த அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கேமராவில் ஜூம் போட்டு இழுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. ஆகவே, இதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடு. பிரமாதமாகச் சொல்கிறது. ஒரு வருஷமாக நான் சொன்னதுதான் சரி என்று கத்துவதற்காக முன்னறைக்கு ஓடினேன். அங்கே உன் அக்காவும் அந்தம்மாவும் எதற்கோ சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரக்காரர் கேமராவும் கையுமாகத் தரையில் குப்புறப் படுத்து நூல்கண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து ரிப்பேர்க்காரரிடம், "ரெண்டையும் மாத்திடுங்க, யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க" என்றேன். நம் காய்ந்த குழாயை அவர் கழற்றும் சத்தம் கேட்டு ஈரக்காரர் எட்டிப் பார்த்தார். "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றார். ஒத்துக்கொண்டேன். கேமராவை எடுத்துப் போக ஆள் அனுப்பாதே, அது அவர் கழுத்தில் தொங்குகிறது, நானே இனி கேட்டுத்தான் வாங்க வேண்டும். பத்திரிகையில் "படம் நன்றாக விழுகிறது" என்று ஒரு வரி போட்டால் போதும். உன் அக்கா எப்போதாவது கேட்டால், ஒழுகியது நம் குழாய்தான்.